நாடறிந்த முகம்: நட்சத்திரத்தின் குழந்தையைக் காணோம்!



எங்கள் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் அண்மையில் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'பிள்ளைகளின் படத்தை ஊருக்குக் காட்டலாமா?' என்பது. பெற்றோர், ஆசிரியர், மாணவர் என்று அரங்கு நிறைந்திருந்தது. வேண்டாம் என்றவர்கள் ஒரு பக்கம், காட்டினால் என்ன என்றவர்கள் மறுபக்கம். விவாதம் சூடுபிடித்த நேரத்தில், முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"ஏம்மா, பிள்ளை பிடிக்கிறவன் நடிகர் வீட்டுக்குத்தான் போவான், கோடீஸ்வரன் வீட்டுக்குத்தான் போவான். எங்க பேரப்பிள்ளை படத்தைப் பார்த்து எவன் வரப்போறான்? சும்மா பயமுறுத்தாதீங்கம்மா!" என்றார். அரங்கமே கைதட்டியது.

நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக நான் ஒரு பழைய படத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். ஒளிபரப்பில் எனக்குக் கிடைத்தது ஐந்தே நிமிடம். பாதியில் விளம்பர இடைவேளை வந்துவிட்டது. அன்று விட்டதையும் சேர்த்து இங்கே முழுமையாகச் சொல்கிறேன்.

நடிகையின் வீட்டில் காலித் தொட்டில்

படத்தின் பெயர் 'மிஸ் ஃபேன்ஸ் பேபி இஸ் ஸ்டோலன்'. 'மிஸ் ஃபேனின் குழந்தை களவு போனது' என்று பொருள். ஹாலிவுட்டின் பாரமவுண்ட் நிறுவனம் 1934-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படம். ஓடும் நேரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். இயக்கியவர் அலெக்சாண்டர் ஹால். கதை ரூபர்ட் ஹியூஸ் எழுதியது.

மேடலின் ஃபேன் என்பவர் புகழ்பெற்ற திரைப்பட நடிகை. அவருக்கு மைக்கேல் என்று ஒரு கைக்குழந்தை. ஒருநாள் குழந்தையைக் காணோம். பணத்துக்காகக் கடத்திவிட்டார்கள். கோடிக்கணக்கான ரசிகர்கள் இருந்தும் அந்தத் தாய் தனியாக நிற்கிறார். திரையில் எத்தனையோ முறை அழுது காட்டியவர், இப்போது உண்மையிலேயே அழுகிறார்.

குழந்தையைக் கடைசியில் மீட்டுத் தருபவர் துப்பறியும் நிபுணர் அல்லர், துப்பாக்கி ஏந்திய கதாநாயகனும் அல்லர். மாலி பிரென்டிஸ் என்னும் எளிய நாட்டுப்புறத் தாய். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. கடத்தல்காரர்கள் வைத்திருக்கும் குழந்தை யாருடையது என்பதைக் கண்டுகொண்டு, உயிரைப் பணயம் வைத்து அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். கடத்தல்காரர்கள் துரத்துகிறார்கள். கடைசிப் பகுதி முழுவதும் நாற்காலி நுனியில் உட்காரவைக்கும் விரட்டல். முடிவில் குழந்தை தாயின் மடிக்குத் திரும்புகிறது.

நடிகையாக நடித்தவர் டொரோத்தியா வீக். ஜெர்மானியத் திரையுலகிலிருந்து வந்தவர். 1931-இல் வெளிவந்த 'மேட்ஷன் இன் யூனிஃபார்ம்' என்ற படத்தில் ஆசிரியையாக நடித்து உலகப் புகழ் பெற்றவர். மாலியாக வந்தவர் ஆலிஸ் பிரேடி. இவர் பின்னாளில் 'இன் ஓல்ட் சிக்காகோ' படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றார். குழந்தையாக வந்தது பேபி லெராய். அந்தக் காலத்து ஹாலிவுட்டின் செல்லப்பிள்ளை!

கதையைக் கேட்டால் நம் ஊர் மசாலாப் படம் போலத்தான் தோன்றும். ஆனால் 1934 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கு அது வெறும் கதையாக இருந்திருக்க முடியாது. அவர்கள் மனத்தில் வேறொரு தொட்டில் இருந்தது.

1932 மார்ச் 1, இரவு

சார்ல்ஸ் லிண்ட்பெர்க் என்ற பெயரை மூத்த வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தன்னந்தனியாக, எங்கும் இறங்காமல், சுமார் 33 மணி நேரம் விமானம் ஓட்டிச் சென்றவர். அன்றைய உலகில் அவருக்கு இணையான புகழ் பெற்றவர்கள் மிகச் சிலரே.

நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோப்வெல் என்ற ஊருக்கு அருகில், காட்டுப் பகுதியில் அவர் புதிதாக ஒரு வீடு கட்டினார். புகழின் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் அந்த ஒதுக்குப்புறமான இடம். வார இறுதி நாள்களில் மட்டும் குடும்பம் அங்கே தங்கும். மற்ற நாள்களில் மனைவியின் தாய் வீட்டில் இருப்பார்கள். ஆனால் 1932 மார்ச் 1-ஆம் நாள் செவ்வாய்க்கிழமை. குழந்தைக்குச் சளி பிடித்திருந்ததால் வழக்கத்துக்கு மாறாக அங்கேயே தங்கிவிட்டார்கள். மாடியில் குழந்தையின் அறையில் ஒரு சன்னல் கதவு கோணியிருந்தது. அதைச் சரியாகத் தாழிட முடியவில்லை.

இரவு 10 மணியளவில் தாதி போய்ப் பார்த்தபோது தொட்டில் காலி. 20 மாதக் குழந்தையைக் காணோம். சன்னல் ஓரத்தில் 50,000 டாலர் கேட்டு ஒரு கடிதம். வெளியே, யாரோ கையால் செய்த ஒரு மர ஏணி கிடந்தது.

அன்று குடும்பம் அங்கே இருக்கும் என்பது வந்தவனுக்கு எப்படித் தெரிந்தது? எந்தச் சன்னல் குழந்தையின் அறைச் சன்னல் என்பது எப்படித் தெரிந்தது? இன்று வரை ஆய்வாளர்கள் விவாதித்துக்கொண்டிருக்கும் கேள்விகள் இவை. இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இதே கேள்வி என் வீட்டு வாசலிலும் வந்து நிற்கும்.

விளம்பரம் செய்த கேடு

செய்தி பரவிய சில மணி நேரத்தில் நிருபர்களும் புகைப்படக்காரர்களும் வேடிக்கை பார்ப்போரும் அந்த வீட்டை முற்றுகையிட்டார்கள். தடயம் இருந்திருக்க வேண்டிய தரையெல்லாம் மிதிபட்டது. 

வதந்திக்காரர்கள் புறப்பட்டார்கள். மோசடிக்காரர்களும் புறப்பட்டார்கள். கேஸ்டன் மீன்ஸ் என்பவன், குழந்தையை மீட்டுத் தருகிறேன் என்று சொல்லி ஒரு பணக்காரச் சீமாட்டியிடம் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கறந்துவிட்டான். படகு கட்டும் தொழில் செய்த இன்னொருவன், கடத்தல்காரர்கள் கடலில் ஒரு படகில் இருக்கிறார்கள் என்று கதை கட்டினான். நம்பிய தந்தை கடலில் போய் நாள்கணக்கில் தேடினார்.

தாய் ஆன் லிண்ட்பெர்க், சளி பிடித்திருந்த தன் குழந்தைக்கு என்ன உணவு கொடுக்க வேண்டும் என்ற பட்டியலைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். கடத்தியவர்கள் அதைப் படித்தாவது சரியாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்ற தவிப்பு! நாட்டின் பத்திரிகைகள் அதை வெளியிட்டன. கடத்தல்காரனோடு தொடர்புகொண்டதுகூட பத்திரிகை விளம்பரப் பகுதி வழியாகத்தான். நடுவராகச் செயல்பட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஜான் கான்டன், ஏப்ரல் 2-ஆம் நாள் இரவு நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் 50,000 டாலரைக் கொடுத்தார். குழந்தை திரும்பவில்லை.

மே 12-ஆம் நாள், வீட்டிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரத்தில் குழந்தையின் உடல் கிடைத்தது. கடத்திய இரவிலேயே இறந்திருக்கக்கூடும் என்றார்கள். அந்தச் செய்தி வந்த நேரத்திலும் தந்தை அந்தப் பொய்யனின் பேச்சை நம்பிக் கடலில் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே, மாநில எல்லை தாண்டி ஆளைக் கடத்துவதைக் கூட்டரசுக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. 'லிண்ட்பெர்க் சட்டம்' என்றே மக்கள் அதை அழைத்தார்கள். நம் வட்டாரத்தைப் பொறுத்தவரை, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆட்கடத்தலுக்கென்று தனிச் சட்டங்கள் 1961-இல் இயற்றப்பட்டன.

படம் வந்தபோது குற்றவாளி வெளியே!

இப்போது மறுபடியும் அந்தப் படத்துக்கு வருவோம். அது திரைக்கு வந்தபோது லிண்ட்பெர்க் குழந்தையைக் கடத்தியவன் பிடிபட்டிருக்கவில்லை. படம் பார்க்கும் தாய்க்குப் பக்கத்து இருக்கையில் அவனே உட்கார்ந்திருக்கலாம்!

ஹாலிவுட்டும் அச்சத்தில்தான் இருந்தது. அதே பாரமவுண்ட் நிறுவனத்தின் நட்சத்திரம் மார்லீன் டீட்ரிக். அவருடைய மகளைக் கடத்தப்போவதாக 1932-இல் மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவர் சன்னல்களுக்குக் கம்பி போட்டார், காவலர்களை அமர்த்தினார். ஆகவே நடிகையின் குழந்தை களவு போவது எழுத்தாளரின் வெறும் கற்பனையன்று. நிறுவனத்தின் நுழைவாயிலிலேயே நின்ற பயம் அது.

இன்னொன்று சொன்னால் உங்களுக்கு மெய்சிலிர்க்கும். மிஸ் ஃபேனின் குழந்தையாக நடித்த பேபி லெராய் பிறந்த நாள் எது தெரியுமா? 1932 மே 12. லிண்ட்பெர்க் குழந்தையின் உடல் கிடைத்த அதே நாள்! தற்செயல்தான். ஆனால் அந்த மழலை முகம் திரையில் தாயிடம் திரும்பும்போது, நாடு எதற்காக ஏங்கியது என்பது புரிகிறது. உண்மையில் கிடைக்காத முடிவைத் திரை கொடுத்தது.

திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவர் அடேலா ராஜர்ஸ் செயின்ட் ஜான்ஸ் என்ற பெண் பத்திரிகையாளர். அடுத்த ஆண்டு, 1935-இல், லிண்ட்பெர்க் வழக்கு விசாரணையை நீதிமன்றத்தில் உட்கார்ந்து பத்திரிகைக்கு எழுதியவர்களில் அவரும் ஒருவர். கற்பனையில் குழந்தையை மீட்டுக் கொடுத்தவர், உண்மையில் மீளாத குழந்தையின் கதையையும் எழுத வேண்டியதாயிற்று.

விளம்பரம் செய்த நன்மை

விளம்பரம் என்றாலே கேடு என்று நான் சொல்ல வரவில்லை. லிண்ட்பெர்க் வழக்கு துலங்கியதும் ஒரு வகை விளம்பரத்தால்தான்.

பிணைப்பணமாகக் கொடுத்த நோட்டுகளின் வரிசை எண்களை அதிகாரிகள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். அவற்றில் பெரும்பகுதி 'தங்கச் சான்று' எனப்படும் நோட்டுகள். 1933-இல் அமெரிக்க அரசு அந்த வகை நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால், அதன் பிறகு யாராவது அவற்றை நீட்டினாலே பார்ப்பவர் கண்ணில் படும். எண்களின் பட்டியல் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பப்பட்டது.

1934 செப்டம்பர் 15. நியூயார்க்கில் ஓர் எண்ணெய் நிலையத்தில் ஒருவர் காரை நிறுத்தி எண்ணெய் ஊற்றிக்கொண்டு 10 டாலர் தங்கச் சான்று ஒன்றை நீட்டினார். வேலையாளுக்குச் சந்தேகம். வங்கி இதை வாங்குமோ வாங்காதோ என்று, அந்த நோட்டின் ஓரத்திலேயே காரின் எண்ணைக் குறித்துவைத்தார். நான்கே நாளில் புரூனோ ரிச்சர்ட் ஹாப்ட்மன் என்ற தச்சர் கைதானார். அவருடைய கார் கொட்டகையில் பிணைப்பணத்தில் 14,000 டாலருக்கும் மேல் கிடைத்தது. 1935 பிப்ரவரியில் குற்றவாளி எனத் தீர்ப்பு, 1936 ஏப்ரல் 3-ஆம் நாள் மரண தண்டனை. தாம் குற்றமற்றவர் என்று கடைசி வரை அவர் சொன்னார். அவர் தனியாகச் செய்தாரா, அவர்தான் செய்தாரா என்று எழுதப்பட்ட நூல்கள் ஏராளம். ஆனால் இரண்டரை ஆண்டு அசையாத வழக்கை அசைத்தது எண்ணெய் ஊற்றிய ஒரு தொழிலாளியின் கவனம் என்பதில் ஐயமில்லை.

படத்தில் மாலி, உண்மையில் எண்ணெய் நிலையத் தொழிலாளி. இருவருமே நம்மைப் போன்றவர்கள். இருவரிடமும் பயனுள்ள ஒரு தகவல் இருந்தது. ஒருவருக்குக் குழந்தையின் முகம், இன்னொருவருக்கு நோட்டின் அடையாளம். தொட்டிலைச் சுற்றி மொய்த்த கூட்டத்திடம் இருந்தது அந்தத் தகவலன்று, வெறும் ஆர்வம்.

இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் போனதைத்தான் அடுத்து நடந்தவை காட்டின. விசாரணை நடந்த ஊரில் அந்த ஏணியைப் போன்ற குட்டி மர ஏணிகளை நினைவுப் பொருளாக விற்றார்கள்! நீதிமன்றத்துக்குள் படக்கருவி புகுந்தது. 1937-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் நீதிமன்றத்தில் புகைப்படமும் ஒலிபரப்பும் கூடாது என்று நெறி வகுக்க இதுவும் ஒரு காரணம். லிண்ட்பெர்க்கின் இரண்டாவது மகனைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்து வரும் வழியில், புகைப்படக்காரர்களின் கார் அவர்கள் காரைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தியது. பளிச் பளிச் என்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குழந்தையுடன் காரில் இருந்தவர் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்! 1935 டிசம்பரில் அந்தக் குடும்பம் அமெரிக்காவை விட்டே இங்கிலாந்துக்குப் போய்விட்டது.

படம் குற்றம் கற்றுக்கொடுக்குமா?

கருத்துக்களத்தில் ஓர் ஆசிரியர் எழுப்பிய கேள்வி இது. ஹாலிவுட்டும் இதே கேள்வியைக் கேட்டது. 'மிஸ் ஃபேன்' வெளிவந்த சில மாதங்களில், 1934-இன் நடுப்பகுதியில், தயாரிப்பு நெறிமுறை கடுமையாக அமலுக்கு வந்தது. 1938-இல் கடத்தலுக்கென்றே தனி விதிகள் சேர்த்தார்கள். கடத்தல் கதையின் மையமாக இருக்கக் கூடாது, கடத்தப்படுபவர் குழந்தையாக இருக்கக் கூடாது, கடத்தும் விதத்தை விவரமாகக் காட்டக் கூடாது, கடத்தியவனுக்கு இலாபம் கிடைக்கக் கூடாது, அவன் தண்டிக்கப்பட வேண்டும். அந்த விதிகளின்படி பார்த்தால் 'மிஸ் ஃபேன்' படத்தை எடுத்திருக்கவே முடியாது! 1956-இல்தான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது.

அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 1960 ஏப்ரலில் பிரான்சில் கார் தயாரிப்பாளர் பெஷோ குடும்பத்தின் நான்கு வயதுப் பேரனைக் கடத்தியவர்கள், ஒரு துப்பறியும் நாவலைப் படித்து வழி கண்டுகொண்டவர்கள். நல்ல வேளையாக அந்தப் பிள்ளை உயிரோடு திரும்பினான்.

ஜப்பானில் அகிரா குரோசாவா 1963 மார்ச்சில் 'சொர்க்கமும் நரகமும்' என்று பொருள்படும் படத்தை வெளியிட்டார். ஆங்கிலத்தில் 'ஹை அண்ட் லோ' என்ற பெயரில் இன்றும் கொண்டாடப்படும் படம். காலணி நிறுவனத்தின் பெரிய அதிகாரி ஒருவரின் மகனைக் கடத்தத் திட்டம் போடுகிறான் ஒருவன். ஆனால் தவறுதலாகப் பிடித்துக்கொண்டு போவது யாரை? அந்த வீட்டுக் கார் ஓட்டுநரின் மகனை! தவறு தெரிந்த பிறகும் மூன்று கோடி யென் கொடு என்கிறான். தன் சொத்தையெல்லாம் இழந்து ஓட்டுநரின் பிள்ளையை மீட்பதா என்பதுதான் கதை.

முன்வரிசை அம்மாவுக்கு நான் சொன்ன முதல் பதில் இந்தக் கதைதான். பணக்காரன் வீட்டுப் பிள்ளை என்று நினைத்து ஏழை வீட்டுப் பிள்ளையும் போகலாம்.

இரண்டாவது பதில் கதையல்ல, நிஜம். படம் வெளிவந்த அதே மாத இறுதியில் தோக்கியோவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். நடிகர் வீட்டுப் பிள்ளையன்று, சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை. பின்னர் பிடிபட்டவன், அந்தப் படத்தின் முன்னோட்டத்தைப் பார்த்ததாகச் சொன்னான். 1964-இல் ஜப்பான் தன் தண்டனைச் சட்டத்தைத் திருத்திப் பணத்துக்காகக் கடத்துவதற்குக் கடுமையான தண்டனையைச் சேர்த்தது.

ஆனால் அதே வழக்கில் இன்னொன்றும் நடந்தது. கடத்தியவன் தொலைபேசியில் பேசிய குரலைப் போலீசார் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பினார்கள். கேட்ட மக்கள் தகவல் கொடுத்தார்கள். விசாரணை அவன் பக்கம் திரும்பியதற்கு அந்தக் குரலும் ஒரு காரணம். என் தொழிலைச் சேர்ந்த எனக்கு அதைப் படித்தபோது பெருமையாக இருந்தது.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1960-இல், இதே நகரில் வேறொரு கடத்தலில் பத்திரிகைகள் போட்டி போட்டுக்கொண்டு எழுதின. கடத்தியவன் மிரண்டுபோய்ப் பிள்ளையைக் கொன்றான். அதன் பிறகு, கடத்தப்பட்டவர் உயிர் பாதுகாப்பாகும் வரை செய்தி வெளியிடுவதில்லை என்று ஜப்பானிய ஊடகங்கள் போலீசாருடன் உடன்பாடு செய்துகொண்டன. எப்போது பேசுவது, எப்போது வாய் மூடுவது என்பதை அவர்கள் ஓர் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். ஆகவே, படத்தின் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

பேரங்காடியில் என்னை நிறுத்திய குரல்

இனி என் கதைக்கு வருகிறேன். மேடையில் இதை நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சியில் என் மகளும் வந்தாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து அழைத்துப் போயிருந்தேன். உடன் நடத்திய நண்பர் அவளை மடியில் வைத்துக்கொண்டு, எந்தப் பாலர் பள்ளி, யார் கூட்டிப் போவார் என்று கேட்டார். அவளும் மழலையில் பள்ளியின் பெயரைச் சொன்னாள். "12 மணிக்குத் தாத்தா வருவாங்க, வெள்ளைக் காடியில" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானே அந்தப் பகுதியை வெட்டி முகநூலில் போட்டேன். ஆயிரக்கணக்கில் விருப்பக் குறிகள்!

இரண்டு வாரம் கழித்து ஒரு பேரங்காடியில் அவளைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துச் சாமான் எடுத்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஓர் அக்கா அருகில் வந்து, என் மகளைப் பெயர் சொல்லி அழைத்து, "இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகலையா? வெள்ளைக் காடித் தாத்தா எங்கே?" என்று கன்னத்தைக் கிள்ளினார். என் மகள் சிரித்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. அந்த அக்கா அன்பானவர். பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் என் கால் நடுங்கியது. பெயர், பள்ளி, நேரம், கூட்டிப் போகிறவர், வண்டியின் நிறம்... ஒரு பிள்ளையை நம்பவைக்க வேறென்ன வேண்டும்? லிண்ட்பெர்க் வீட்டில் எந்தச் சன்னல் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இத்தனை ஆண்டுகள் கேட்கிறார்கள். என் வீட்டுச் சன்னலை நானே ஒளிபரப்பில் காட்டியிருந்தேன்.

அன்றிரவே அந்தக் காணொளியை நீக்கினேன். பள்ளியில் பேசி, மகளை அழைத்துப் போக வருவோர் சொல்ல வேண்டிய ஒரு குடும்பச் சொல்லை ஏற்பாடு செய்தோம். அந்தச் சொல் என் மகளுக்கும் எங்களுக்கும் மட்டுமே தெரியும். அது எந்த நிகழ்ச்சியிலும் வராது!

எதைச் சொல்வது, எதை மறைப்பது?

வாசகர்களே, உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. முன்பின் தெரியாதவர் பணத்துக்காகக் குழந்தையைக் கடத்துவது பல நாடுகளில் அரிது. அளவுக்கு மீறிய பயமும் உயிரைக் குடிக்கும். 2018 மே மாதம் தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது மூதாட்டி, வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். புலனத்தில் பரவிய 'பிள்ளை பிடிக்கும் கும்பல்' வதந்தியை நம்பியிருந்த ஊர் மக்கள் அவரை அடித்தே கொன்றார்கள். அவருடன் சென்றவர்களில் மலேசியாவிலிருந்து போன உறவினரும் இருந்தனர். எனக்குப் பேரங்காடி அக்காவின் மிட்டாய் நினைவுக்கு வருகிறது. அன்று நான் கூச்சல் போட்டிருந்தால்?

ஆகவே, பயனுள்ள தகவல் எது, ஆபத்தான தகவல் எது என்று பிரித்துப் பார்க்கப் பழகுவோம்.

பிள்ளை காணாமல் போய்விட்டால் உடனே போலீசில் புகார் செய்ய வேண்டும். அப்போது முகம் தெரிய வேண்டும், உடுத்தியிருந்த உடை தெரிய வேண்டும், சந்தேகத்துக்குரிய வாகனத்தின் எண் தெரிய வேண்டும். 1996-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தொடங்கிய 'ஆம்பர் அலர்ட்' அறிவிப்பு முறை இதைத்தான் செய்கிறது. மலேசியாவில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக 2011-இல் 'நூர் அலர்ட்' தொடங்கப்பட்டதும் இதற்காகத்தான். நாட்டு மக்கள் எல்லோரையும் மாலி பிரென்டிஸ் ஆக்கும் ஏற்பாடு அது. அத்தகைய அறிவிப்பு போலீசிடமிருந்து வந்தால் பகிருங்கள். யாரோ அனுப்பியதாக வரும் குரல் பதிவை, ஆதாரம் தெரியாத படத்தைப் பகிராதீர்கள். பிள்ளை கிடைத்துவிட்டால் பகிர்ந்த படத்தை நீக்கிவிடுங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்குப் போக வேண்டுமல்லவா?

மற்ற நாள்களில், பிள்ளையின் அன்றாட வழக்கம் வீட்டோடு இருக்கட்டும். பிறந்தநாள் படம் போடுவதைத் தடுக்க நான் யார்? போடுங்கள். ஆனால் பள்ளிச் சின்னம் தெரியும் சட்டை, வீட்டு எண், வண்டியின் எண், "தினமும் இந்த நேரத்துக்கு இங்கேதான்" என்ற குறிப்பு, இவை வேண்டாம். முகம் ஊருக்குத் தெரியலாம், முகவரியும் நேரமும் தெரிய வேண்டியதில்லை.

முன்வரிசை அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்தார். கைத்தொலைபேசியை நீட்டி, "நீ சொன்னதெல்லாம் சரிதாம்மா. இதுல எது இருக்கலாம், எது போகணும்னு நீயே பார்த்துச் சொல்லு" என்றார். பேரன் பள்ளிச் சீருடையில் வாசலில் நிற்கிறான். தலைக்கு மேலே வீட்டு எண். இருவரும் நின்றபடியே பத்து நிமிடம் பார்த்தோம். ஐந்து படம் போனது, பேரன் கேக் வெட்டும் படம் தங்கியது.

"இவன் முகம் உனக்கு ஞாபகம் இருக்குமில்ல?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். என் மகளின் படத்தையும் அவரிடம் காட்டினேன். பேரங்காடியில் பார்த்த அந்த அக்கா இப்போது எதிரில் வந்தால் அவரிடமும் காட்டுவேன். எங்கேயாவது அவள் தனியாக அழுதுகொண்டு நின்றால், அடையாளம் கண்டு கையைப் பிடிக்க ஒருவர் வேண்டுமே!

அடுத்த கருத்துக்களத்தில் சந்திப்போம்.